கைபேசிக்குள் ஒரு குசினி

லயத்துக் குசினியில் மிலாறு வைத்துத் தீ மூட்டத் தெரிந்தவருக்குக் கைபேசிப் பற்றரியை விளங்கப்படுத்த அதிக நேரம் ஆகாது. பண்டாரவளையைச் சுற்றி ஹப்புத்தளை, பூனாகலை, தெமோதரை என்று எந்தத் தோட்டத்து லயத்துக்குப் போனாலும் குசினியின் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு மூலையில் அடுப்பு. அதற்கு மேலே பரண். கவ்வாத்து வெட்டிய காலத்தில் கட்டுக்கட்டாகச் சுமந்து வந்த தேயிலை மிலாறு அந்தப் பரணில் கிடந்து காய்கிறது. அதைக் காய வைப்பது அடுப்பின் சூடு. அதே சூடு எல்லை மீறினால் பரணே பற்றிக்கொள்ளும். விறகும் நெருப்பும் ஒரே சின்ன அறைக்குள் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவில் உள்ள சில அடி இடைவெளி, சூடும் புகையும் வெளியேற ஒரு வழி, பார்த்துக்கொண்டு நிற்க ஓர் ஆள். இந்த மூன்றும் இருக்கிறவரை சோறு வேகும், வீடும் இருக்கும்.

கைபேசிக்குள்ளும் இதே ஏற்பாடுதான். அதன் லித்தியம் அயன் பற்றரியில் இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள் சேர்த்துச் சுருட்டப்பட்டிருக்கின்றன. செப்புத் தகட்டில் பென்சிற்கரி பூசியிருக்கும். நம் நாட்டில் போகலைச் சுரங்கத்தில் வெட்டியெடுக்கும் அதே கனிமம். அலுமினியத் தகட்டில் லித்தியமும் கோபால்ட்டும் ஒட்சிசனும் சேர்ந்த ஒரு பொருள். சார்ஜ் போடும்போது லித்தியம் அயன்கள் கோபால்ட் பக்கத்திலிருந்து கிளம்பிக் கரிக்குள் போய் அடங்குகின்றன. அதுதான் பரணில் மிலாறு அடுக்குவது. பேசும்போதும் படம் பார்க்கும்போதும் அவை திரும்பி வருகின்றன. விறகு ஒவ்வொன்றாக அடுப்புக்கு இறங்குகிறது. தகடுகளுக்கு நடுவில் நுண்துளைகள் உள்ள ஒரு பிளாஸ்டிக் படலம் இருக்கிறது. அயன்கள் அதனூடே போகலாம், இலத்திரன்கள் போக முடியாது. அவை கைபேசியின் சுற்றுக்குள் நுழைந்து, திரையை ஒளிரச் செய்து, சுற்றிக்கொண்டுதான் மறுபக்கம் சேர வேண்டும். அந்தச் சுற்றுவழியில் ஓடுவதே நாம் பயன்படுத்தும் மின்சாரம்.

ஜோன் குடினஃப் 1980இல் கோபால்ட் பக்கத்தைக் கண்டறிந்தார். அக்கிரா யோஷினோ அதற்குக் கரிப்பொருளாலான மறுபக்கத்தைப் பொருத்தினார். சோனி நிறுவனம் 1991இல் இந்தப் பற்றரியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இவர்கள் இருவருக்கும், இவர்களுக்கு முன்பே அடித்தளமிட்ட ஸ்டான்லி விட்டிங்ஹாமுக்கும் சேர்த்து 2019இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. கொழுந்துக் கூடைக்குப் பக்கத்தில் இன்று ஒரு கைபேசி இருக்கிறதென்றால் அதன் பின்னால் இந்த மூவரின் உழைப்பு இருக்கிறது.

குசினியின் இடைவெளியை இங்கே அந்தப் பிளாஸ்டிக் படலம் காக்கிறது. அதன் தடிப்பு மனித முடியின் தடிப்பில் பாதிகூட இல்லை. அதைச் சுற்றி நிறைந்திருக்கும் திரவம் எளிதில் தீப்பற்றக்கூடியது. படலம் எங்கேனும் கிழிந்தால் இரண்டு பக்கமும் நேரடியாக முட்டிக்கொள்ளும். அந்த இடம் சுடும். சூடு பக்கத்துப் படலத்தையும் சுருக்கும். 130 பாகை செல்சியஸ் அளவில் படலம் உருகத் தொடங்கிவிடும். சூடு இன்னும் ஏறினால் கோபால்ட் பக்கம் சிதைந்து தன்னிடமுள்ள ஒட்சிசனை வெளியே விடும். குசினிக்கும் பற்றரிக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. பரண் பற்றினால் ஈரச் சாக்கைப் போட்டு மூடுகிறோம், காற்று அடைபட்டுத் தீ அணைகிறது. பற்றரிக்கு வெளிக்காற்று தேவைப்படாது. விறகு, நெருப்பு, காற்று மூன்றையும் ஒரே உறைக்குள் போட்டு ஒட்டிய குசினி அது. சாக்குப் போட்டு மூடினாலும் உள்ளே எரியும். சூட்டை இறக்கினால்தான் அணையும். அதற்கு நிறையத் தண்ணீர் வேண்டும். சார்ஜரில் மாட்டியிருந்தால் முதலில் சுவரில் உள்ள சுவிட்சை நிறுத்த வேண்டும், அதற்குப் பிறகுதான் தண்ணீர். புகையைச் சுவாசிக்கவே கூடாது, அதில் நுரையீரலை அரிக்கும் வாயுக்கள் இருக்கின்றன. சுவிட்சுக்குப் பக்கத்தில் போக முடியாவிட்டால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியேறிவிடுங்கள். போனுக்காகத் திரும்பி உள்ளே போக வேண்டாம்.

2016இல் சாம்சுங் கலக்ஸி நோட் 7 தீப்பிடித்த கதை பலருக்கு நினைவிருக்கும். உலகின் பெரிய தொழிற்சாலைகளில் செய்த பற்றரிதான். ஒரு வகையில் உள்ளே தகட்டின் ஓரம் மூலையில் நெருக்குண்டு வளைந்திருந்தது. இன்னொரு வகையில் ஒட்டவைத்த இடத்தில் உலோகப் பிசிறு நீட்டிக்கொண்டிருந்தது. படலம் கிழிய அவ்வளவு போதுமாக இருந்தது. இருபத்தைந்து இலட்சம் அளவில் போன்களை நிறுவனம் திரும்ப அழைத்தது, பிறகு அந்த மாதிரியையே கைவிட்டது.

நம்முடைய போனில் அந்தப் பிசிறை நாமே உண்டாக்கிவிட முடியும். பின் பையில் வைத்தபடி பஸ் சீட்டில் உட்காருவது, மலையேறும்போது பாறையில் விழுத்துவது, பழைய பற்றரியை ஸ்குரூ டிரைவரால் கிண்டி எடுப்பது எல்லாமே அந்தப் படலத்தைக் காயப்படுத்தும். காயம் உடனே தெரியாது. பல வாரங்கள் கழித்து போனின் பின்மூடி உப்பி எழும்பும், அல்லது திரை ஓரத்தில் கழன்று நிற்கும். உள்ளே திரவம் சிதைந்து வாயுவாக மாறிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அப்படி உப்பிய போனைச் சார்ஜில் போடக் கூடாது. குத்திக் காற்றை விடலாம் என்று யாராவது சொன்னால் கேட்கக் கூடாது. குப்பையோடு சேர்த்து அடுப்பில் போடுவதை நினைத்தும் பார்க்க வேண்டாம். தகர டின் ஒன்றில் மணல் போட்டு, அதற்குள் வைத்து, வீட்டுக்கு வெளியே வைத்திருந்து, டவுனுக்குப் போகும்போது போன் திருத்தும் கடையில் கொடுத்துவிடுங்கள். புதுப் பற்றரி போடும்போது விலையை மட்டும் பார்த்து வாங்குவதைப் பற்றி எனக்கு உண்மையிலேயே பயம் இருக்கிறது. மலிவான பற்றரிகளில் முதலில் குறைக்கப்படுவது கண்ணுக்குத் தெரியாத பாதுகாப்புதான்.

குசினியின் இரண்டாவது பாதுகாப்பு, சூடு போகும் வழி. பண்டாரவளை கடல் மட்டத்திலிருந்து 1,200 மீற்றருக்கு மேலே இருக்கிறது. மார்கழி, தை மாதங்களில் குளிருக்குக் கம்பளியை விட்டு எழும்ப மனம் வராது. அதனால்தான் இங்கே ஒரு பழக்கம் ஊன்றிவிட்டது. பிள்ளைகள் கம்பளியைத் தலைவரை இழுத்து, உள்ளே போனைச் சார்ஜில் போட்டபடியே படம் பார்த்துத் தூங்கிவிடுகிறார்கள். சார்ஜ் ஏறும்போது பற்றரி சுடுவது இயல்பு. அந்தச் சூடு பின்மூடி வழியாக வெளியே போக வேண்டும். கம்பளியும் தலையணையும் அந்த வழியை அடைக்கின்றன. புகை போகும் ஓட்டையைச் சாக்கால் அடைத்துவிட்டு அடுப்பு எரிப்பதற்குச் சமம். பெரும்பாலான லித்தியம் பற்றரிகள் 0 பாகைக்கும் 45 பாகைக்கும் இடையில் சார்ஜ் போடுவதற்காகச் செய்யப்பட்டவை. நம் ஊர்க் குளிர் அந்தக் கீழ் எல்லையைத் தொடுவதில்லை. மேல் எல்லையைக் கம்பளிக்குள் நாமே உண்டாக்குகிறோம். அடுப்புத் திட்டில் போனைச் சாய்த்து வைத்துச் சமைத்துக்கொண்டே பாட்டுக் கேட்பதிலும் இதே பிழை இருக்கிறது. தரையில், சீமெந்தில், மேசையில், துணி எதுவும் மூடாமல் வைத்துச் சார்ஜ் போடுங்கள். இரவு முழுக்கப் போட வேண்டாம், படுக்கப் போகும் முன் கழற்றிவிடுங்கள்.

மூன்றாவது, பார்த்துக்கொண்டு நிற்கும் ஆள். போனுக்குள் அந்த வேலையை ஒரு சிறு சில்லு செய்கிறது. பற்றரி சுமார் 4.2 வோல்ட்டை எட்டும்போது அது மின்சாரத்தைப் படிப்படியாகக் குறைத்து, பிறகு நிறுத்துகிறது. அதனால்தான் கடைசிச் சில வீதம் ஏறுவதற்கு அவ்வளவு நேரமாகிறது. பரண் நிறைந்த பிறகும் மிலாறைத் திணிக்க அது விடாது. ஆனால் அந்தச் சில்லு போனுக்குள் நடப்பதை மட்டுமே பார்க்கும். சுவரில் மாட்டியிருக்கும் சார்ஜரைப் பார்க்க வேறு ஆள் இல்லை. நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட், போனுக்குப் போவது பெரும்பாலும் 5 வோல்ட். இரண்டுக்கும் நடுவில் சார்ஜரின் வயிற்றுக்குள் ஒரு சின்ன மின்மாற்றியும் சில மில்லிமீற்றர் இடைவெளியும் இருக்கின்றன. நல்ல சார்ஜரில் அந்த இடைவெளியை அளந்து விட்டிருப்பார்கள். நடைபாதையில் சில நூறு ரூபாவுக்கு விற்கும் போலிகளில் அதை நெருக்கிவிடுகிறார்கள். ஈரக் கையோடு சார்ஜில் இருக்கும் போனைத் தொட்டால் லேசாக நடுங்குகிறது என்கிறார்களே, அது சின்ன விஷயமில்லை. அந்தச் சார்ஜரை அன்றே ஒதுக்கிவிடுங்கள்.

லயம் தீப்பற்றிய செய்தி பத்திரிகையில் வரும்போதெல்லாம் ‘மின்ஒழுக்கு’ என்ற சொல்லும் கூடவே வருகிறது. இதில் போன் சார்ஜருக்கு உள்ள பங்கைக் கணக்கோடு பார்ப்பது நல்லது. 10 வாற்று சார்ஜர் 230 வோல்ட்டில் எடுப்பது ஓர் அம்பியரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. 2,000 வாற்று மின்கேத்தல் எடுப்பது 9 அம்பியருக்குக் கொஞ்சம் குறைவு. வயர் சூடாவது மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. இரண்டு மடங்கு ஓட்டம், நான்கு மடங்கு சூடு. ஒரே மெல்லிய வயரை ஸ்தோப்பிலிருந்து குசினி வரை இழுத்து, ஒரு மல்டி பிளக்கில் கேத்தலையும் ரைஸ் குக்கரையும் மூன்று போனையும் மாட்டினால் எரிப்பது கேத்தல்தான். ஆனாலும் போனுக்கும் ஒரு குற்றம் உண்டு. இரண்டு முள் சார்ஜரை மூன்று ஓட்டைப் பிளக்கில் நுழைக்கப் பேனை மூடியையோ ஈர்க்குச்சியையோ மேல் ஓட்டையில் செருகுகிறோம். முள் தளர்வாக நிற்கிறது, தளர்ந்த இடத்தில் பொறி பறக்கிறது, நாளடைவில் பிளாஸ்டிக் கறுக்கிறது. பொருத்தமான அடப்டர் ஒன்று வாங்குவது பெரிய செலவில்லை. வீட்டில் ட்ரிப் சுவிட்ச் இருந்தால் அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். விழாவிட்டால் அது வேலை செய்யவில்லை. ட்ரிப் சுவிட்ச் இல்லாத லயங்களுக்கு அதைப் போட்டுத் தரச் சொல்லித் தோட்ட நிருவாகத்திடம் கேட்பது சலுகை கேட்பதாகாது.

இடி மின்னல் பற்றி ஒரு தவறான பயம் பரவியிருக்கிறது. கையில் போன் இருந்தால் மின்னல் தேடி வரும் என்கிறார்கள். போன் மின்னலை இழுப்பதில்லை. மழைக்கு ஒதுங்கத் தனிமரத்தின் கீழே நிற்பதுதான் ஆளைக் கொல்கிறது. வானொலியில் ‘ஊவா மாகாணத்தில் பிற்பகல் 2.00 மணிக்குப் பின்னர் இடியுடன் கூடிய மழை’ என்று வளிமண்டலவியல் திணைக்களம் சொல்லும் சித்திரை, ஐப்பசி மாதங்களில் உண்மையான ஆபத்து வயரில் இருக்கிறது. மலைமேல் மின்கம்பத்தில் விழும் மின்னல் வயர் வழியே வந்து, சார்ஜர் வழியே போனுக்கும், போன் வழியே காதுக்கும் வரலாம். முதல் இடி கேட்டதும் பிளக்கைக் கழற்றுங்கள். கழற்றிய போனில் வீட்டுக்குள் இருந்து பேசலாம்.

நனைந்த போனை அடுப்புக்கு மேலே காய வைப்பதும் அரிசிக்குள் புதைப்பதும் நம்மிடையே பரவலாக உண்டு. முதலாவது ஆபத்து, இரண்டாவது வீண். அரிசித் தூசு துளைக்குள் புகுந்துவிடும். ஆப்பிள் நிறுவனமே 2024இல் அரிசி வேண்டாமென்று எழுதியது. போனை நிறுத்தி, துடைத்து, சார்ஜ் துளை கீழே பார்க்க மெல்லத் தட்டி, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். உலரும் வரை சார்ஜ் போடாதீர்கள்.

இனி சிக்னல். கொழுந்து மலையில் படங்குக்குள் செருகிய போன் மத்தியானத்துக்குள் செத்துவிடுகிறது, யாரும் பேசவும் இல்லை, ஏன் என்று பலரும் கேட்டிருக்கிறார்கள். போன் சும்மா இருப்பதில்லை. தான் எங்கே இருக்கிறேன் என்று டவருக்கு அடிக்கடி சொல்லிக்கொண்டே இருக்கிறது. டவர் பக்கத்தில் இருந்தால் மிக மெல்லிய குரலே போதும். பள்ளத்து லயத்தில், இரண்டு மேடு மறைக்கும் இடத்தில், அதே போன் தன்னால் முடிந்த முழுச் சக்தியோடு கத்த வேண்டும். 4ஜி போனுக்கு அந்த உச்சம் சுமார் 0.2 வாற்று, மெல்லிய குரலோடு ஒப்பிட்டால் பல்லாயிரம் மடங்கு. ஈர மிலாறை எரிய வைக்க விடாமல் ஊதுவதுபோல, புகையும் சூடும்தான் மிச்சம். சிக்னல் கோடே இல்லாத மலையில் வேலை செய்யும் நேரத்தில் போனை விமானப் பயன்முறையில் போட்டுவிட்டால் மாலையில் உயிரோடு இருக்கும்.

கதிர்வீச்சு பற்றிய கேள்வியும் இங்கேதான் எழும்புகிறது. போனின் வானொலி அலைகளுக்கு மரபணுவை உடைக்கும் சக்தி கிடையாது. திசுவைக் கொஞ்சம் சூடாக்குவதே அவற்றின் நிரூபணமான விளைவு. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2011இல் இவற்றைப் ‘புற்றுநோயை உண்டாக்கக்கூடியவையாக இருக்கலாம்’ என்ற பட்டியலில் சேர்த்தது. உலக சுகாதார நிறுவனம் கேட்டுக்கொண்டதற்கிணங்கச் செய்து 2024இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு, போன் பயன்பாட்டுக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு காணவில்லை. எனக்கு இதில் பெரிய கவலை இல்லை. ஆனாலும் கோடு குறைந்த இடத்தில் நீண்ட நேரம் பேசுவதானால் ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவதில் நட்டம் ஒன்றுமில்லை.

வெளிநாடு போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கட்டுநாயக்க விமான நிலையத்தில் பவர் பேங்கைப் பெட்டிக்குள் போட்டு அனுப்பக் கூடாது, கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும். கீழே சரக்கறையில் பற்றினால் பார்த்துக்கொண்டு நிற்க ஆள் கிடையாது என்பதே காரணம். எல்லை 100 வாற்று மணி. 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் சுமார் 74 வாற்று மணிதான், அனுமதிப்பார்கள். எமிரேட்ஸ் விமானங்களில் 2025 ஒக்டோபர் 1 முதல் ஒன்று மட்டுமே கொண்டுபோகலாம், பறக்கும்போது அதைப் பயன்படுத்தவும் முடியாது.

இவ்வளவு நேரம் சூட்டைப் பற்றியே பேசியதற்குக் காரணம் இருக்கிறது. ஊவாவில் ஒரு போன் நல்ல நிலையில் இருப்பது உயிர்ப் பிரச்சினை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானதென்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் சொல்லியிருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலில் நாடு முழுவதும் அறுநூறுக்கும் அதிகமானோர் இறந்தபோது பதுளை மாவட்டம் மிக மோசமாக அடிபட்ட இடங்களில் ஒன்று. மின்சாரமும் தொடர்பும் பல இடங்களில் சேர்ந்தே அறுந்தன. எச்சரிக்கை வந்து சேர்வது ஒன்று, எழும்பிப் போவதற்குப் பத்திரமான காணியும் வீடும் இருப்பது இன்னொன்று. இரண்டாவதை எந்தப் போனும் தராது, அதற்கான போராட்டம் தனி. முதலாவதையாவது கைவிடாமல் இருப்போம்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை அளவுகோல் எளிது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்றால் மஞ்சள், விழிப்பாக இருக்க வேண்டும். 100 என்றால் செம்மஞ்சள், புறப்பட ஆயத்தம். 150 தாண்டினால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தால் சிவப்பு, வெளியேற வேண்டும். போன் செத்துவிட்டாலும் இதை அளக்கலாம்: நேர்ச்சுவர் உள்ள ஒரு பாத்திரத்தைத் திறந்தவெளியில் வைத்துப் பிள்ளையின் அடிமட்டத்தை உள்ளே விட்டுப் பாருங்கள். 15 சென்ரிமீற்றர் எட்டினால் சிவப்பு. நிலத்தில் புது வெடிப்பு, திடீரெனக் கலங்கும் ஊற்று, சாயும் மரம் கண்டால் அளவே தேவையில்லை.

மழை தொடங்கும் முன்பே போனையும் பவர் பேங்கையும் நிரப்புங்கள். 5,000 எம்ஏஎச் பற்றரியில் உள்ளது சுமார் 19 வாற்று மணி. படம் பார்த்தால் பத்துப் பன்னிரண்டு மணித்தியாலத்தில் தீரும்; டேட்டாவை நிறுத்தி, திரை வெளிச்சத்தைக் குறைத்து, சும்மா வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். டவருக்கும் மின்சாரம் நின்றால் அதன் பற்றரி சில மணித்தியாலமே ஓடும். எனவே இடர் முகாமைத்துவ நிலையத்தின் 117, அம்புலன்ஸ் சேவையின் 1990, பொலிஸின் 119 ஆகியவற்றில் தேவையானதை முதலிலேயே அழையுங்கள். பிந்தினால் லைன் கிடைக்காது. அழைப்பு போகாத இடத்திலும் குறுஞ்செய்தி போகலாம், அதற்குத் தேவையான சிக்னல் மிகக் கொஞ்சம்.

இன்னொரு யோசனை. பத்துக் காம்பரா லயத்தில் பத்துப் போனும் ஒரே நேரத்தில் எரிய வேண்டியதில்லை. முறை வையுங்கள். ஒன்று மட்டும் விழித்திருக்கட்டும், மற்ற ஒன்பதும் நிறுத்தியே இருக்கட்டும்; ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாறுங்கள். இரவில் யாருடைய முறையோ அவர் தூங்கக் கூடாது. சிவப்பு வந்தால் ஒவ்வொரு கதவையும் தட்ட வேண்டியது அவர் பொறுப்பு. எந்தப் பாதையால் எங்கே போய்ச் சேர்வது என்று பகலிலேயே எல்லோரும் நடந்து பார்த்துவிடுங்கள், நடக்க முடியாத கிழவன் கிழவிகளை யார் தூக்குவது என்பதையும் அப்போதே பேசி முடியுங்கள்.